நீர் தேங்கும் மூலைக்கு நீர்ப்பருத்தி

வெள்ளவத்தையில் வளவு உள்ள வீடு இப்போது அருமை. இருக்கிற வளவிலும் பின்மதிலோரம் ஒரு மூலை, மே மாத மழைக்கும் ஐப்பசி மழைக்கும் சதசதவென்று கிடக்கும். தேசிக்கன்று வைத்தால் வேர் அழுகும். கறிவேப்பிலை மஞ்சளித்துப் பட்டுப்போகும். கடைசியில் கல்லும் கட்டட இடிபாடும் கொட்டி, மேலே சீமெந்து பூசிவிடுகிறோம். பூசுவதற்கு முன் அங்கே ஒரு நீர்ப்பருத்தித் தடியை ஊன்றிப் பாருங்கள்.

நீர்ப்பருத்தி இந்த மண்ணுக்குரிய செடி. சிங்களத்தில் பெலி பட்ட என்பார்கள். களப்போரங்களிலும் ஆற்று முகங்களிலும் தானாகவே வளரும். பூவரசின் உறவு என்பதால் பலர் பூவரசு என்றே நினைத்துக் கடந்துபோகிறார்கள். இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். பூவரசிலை இரண்டு பக்கமும் வழுவழுப்பு. பீப்பீ சுருட்டிய விரல்களுக்கு அது மறக்காது. நீர்ப்பருத்தி இலையின் அடிப்பக்கம் வெளிறி, மெல்லிய சுணை படர்ந்திருக்கும். காயும் வேறு: பூவரசங்காய் காய்ந்தாலும் உருண்டையாகவே கிடக்கும், இது முற்றினால் ஐந்தாக வெடிக்கும். விதை மிதக்கும். கடலில் நெடுநாள் கிடந்தாலும் முளைக்கும் திறன் போகாது. வெப்பநாட்டுக் கரைகள் எங்கும் இந்தச் செடி பரவியது அப்படித்தான். அந்தக் கரைகளில் இதன் பட்டையை உரித்து, நாரெடுத்துக் கயிறு திரித்தார்கள்.

பூவுக்காகவே வளர்க்கலாம். காலையில் நல்ல மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்புக் கண். பின்னேரம் செம்மஞ்சளாகி, இருட்டும்போது சிவந்து, பிறகு முழுப்பூவாகவே விழும். ஒரே நாளில் இத்தனை நிறம் காட்டும் பூ நம் வளவுகளில் அதிகம் இல்லை.

விதைக்காகக் காத்திருக்க வேண்டாம். பெருவிரல் தடிப்பில் ஒன்றரை அடித் தடி வெட்டி, இலைகளை உருவி, பாதியை ஈரமண்ணில் ஊன்றுங்கள். மழை தொடங்கும் நேரம் நல்லது. தெரிந்தவர்களின் வளவில் கேட்டு வெட்டுங்கள். ஈரநிலப் பூங்காக்களில் கைவைக்க வேண்டாம். வெயில் நன்றாக விழ வேண்டும். உப்புக்காற்றைத் தாங்குவதால் மரைன் டிரைவ் பக்கத்து வீட்டுக்கும் பொருந்தும். பசளை பெரிதாகத் தேவையில்லை.

கத்தரிப்பதில்தான் கவனம் வேண்டும். விட்டால் இருபது, முப்பது அடிக்கு எழும்பும். கிளைகள் தாழ்ந்து மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டு அடர்ந்துவிடும். ஆற்றங்கரையில் அந்தக் குணம் மண்ணைப் பிடித்து வைக்கும். நம்முடைய இரண்டு பேர்ச் வளவில் அது தொல்லை. ஆகவே மதிலுக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் எட்ட நட்டு, ஆண்டுக்கு இரண்டு தரம் ஆளுயரத்துக்கு வெட்டுங்கள். எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும். இலையடியில், நடுநரம்பில் தேன் சுரக்கும் சிறு பிளவு உண்டு. அதைத் தேடி எறும்பு வரும் என்பதால் உடுப்புக் காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் வேண்டாம்.

கொட்டாஞ்சேனையில் மண்ணே இல்லாத வீடு என்றால், அடியில் துளையிட்ட பெரிய பெயின்ற் வாளி போதும், வளர்ச்சி அடங்கியிருக்கும். ஆனால் வாளிக்குக் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேக்காதீர்கள். டெங்கு நுளம்புக்கு அந்த ஒரு தட்டே போதும். செடிக்கு மண் ஈரமாக இருந்தால் சரி.

இன்னொன்று. ஈரநிலச் செடிதானே என்று வெல் ஆத்தவைக் கொண்டுவந்து நடாதீர்கள். அது அமெரிக்கக் கரைகளிலிருந்து வந்தது. சீத்தாவை ஒட்டுவதற்கான அடிக்கன்றாகக் கொண்டுவரப்பட்டு, இன்று கொழும்பின் சதுப்புகளில் நம் செடிகளை நெருக்கி நிற்கிறது. பழம் கால்வாயில் மிதந்துபோய் அடுத்த சதுப்பிலும் முளைக்கும்.

2018இல் ராம்சார் ஈரநில உடன்படிக்கை அமைப்பு உலகில் முதன்முதலாக 18 நகரங்களை ஈரநில நகரங்களாக அங்கீகரித்தபோது, அவற்றில் கொழும்பும் ஒன்று. பத்தரமுல்லைப் பக்கம் தியசரு, பெத்தகான ஈரநிலப் பூங்காக்களில் நடந்து பார்த்தால், மழைவெள்ளத்தை வாங்கி வைத்து மெல்ல விடுகிற நிலம் எப்படி இருக்கும் என்று தெரியும். வெள்ளவத்தைக் கால்வாய்க்கு ஓடிவரும் தண்ணீரில் நம் வளவின் பங்கும் இருக்கிறது. சீமெந்து பூசாத ஒரு மூலை அந்தப் பங்கில் கொஞ்சத்தையாவது உறிஞ்சிக்கொள்ளும்.

வெட்டிய தடிகளை எறிய வேண்டாம். ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் சில நாட்கள் தாங்கும். அதற்குள் பக்கத்து வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள்.