குழந்தையை இழந்த தாய்க்கு உரிய விடுப்பும் உதவியும்



சேத்தூரிலிருந்தும் ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் எங்களிடம் பிரசவத்திற்கு வரும் தாய்மாரில் பலர் பஞ்சாலைகளில் வேலை செய்கிறவர்கள். நீங்கள் அனுப்பும் காணிக்கை அவர்களுடைய வைத்தியச் செலவைத் தாங்குகிறது. ஆனால் குழந்தை இறந்தே பிறந்தால், அல்லது பிறந்து சில நாளில் கண்மூடினால், வெறுங்கையோடு வீடு திரும்பும் தாயைப் பற்றி நாங்கள் அதிகம் எழுதியதில்லை.

அவர்களில் சிலர் பத்தே நாளில் மில்லுக்குப் போய்விடுகிறார்கள். "பிள்ளைதான் இல்லையே, லீவு எதுக்கு?" என்று கேட்பவர் மேஸ்திரி மட்டுமல்ல, வீட்டுப் பெரியவர்களும்தான். உடம்புக்கு அது தெரியுமா? பால் சுரக்கிறது, மார்பு கட்டிக்கொள்கிறது, தையல் போட்ட இடம் வலிக்கிறது.

சட்டம் இதை அறிந்தே எழுதப்பட்டது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 'குழந்தை' என்ற சொல்லில் உயிரின்றிப் பிறந்த குழந்தையையும் சேர்த்திருந்தது. கர்ப்பத்தின் 26-ஆவது வாரம் முடிவதற்குள் கலைந்தால் அது கருச்சிதைவு. அதற்குச் சம்பளத்துடன் 6 வார விடுப்பு. அதற்குப் பின் என்றால் பிரசவம்தான். 2017-இல் வந்த திருத்தத்தின்படி 26 வாரம். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்த விடுப்புகள் அதிலும் தொடர்கின்றன. முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உயிரோடு இருந்தால் 26 வாரம் 12 வாரமாகிவிடும். இறந்துபோன பிள்ளையை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கப்படும் பெண்ணுக்கு இந்தப் பணத்தைத் தருவது முதலாளி அல்ல, ஈ.எஸ்.ஐ. கழகம். ஆகவே மில்லில் "இல்லை" என்றவுடன் திரும்பிவிட வேண்டியதில்லை. மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு, குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்த 28 நாளுக்குள் இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு தரும் ஆணை 2022 செப்டம்பரில் வெளிவந்தது.

இனி, காகிதத்தைப் பற்றி. எங்களுக்கு அதிகப் போராட்டம் இதில்தான். "குழந்தையே போய்விட்டது, சீட்டை வைத்து என்ன செய்ய?" என்று குடும்பத்தார் கேட்கும்போது பதில் சொல்வது கடினம். ஒரே ஒரு மூச்சு விட்டிருந்தாலும் அக்குழந்தைக்குப் பிறப்பு, இறப்பு இரண்டையும் பதிய வேண்டும். 28 வாரத்துக்குப் பின் உயிரின்றிப் பிறந்திருந்தால் அதற்கெனத் தனிப் படிவம் உண்டு. காலக்கெடு 21 நாள். 28 வாரத்துக்கு முன் என்றால் பதிவே கிடையாது. அப்போது எங்கள் டிஸ்சார்ஜ் சீட்டு ஒன்றே அத்தாட்சி. அதைப் பத்திரமாக வைக்கும்படி திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புகிறோம்.

மில்லில் வேலை இல்லாதவர்களுக்கு மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டம் இருக்கிறது. முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய், தவணையாக. கருச்சிதைவோ இறந்த பிறப்போ நேர்ந்த தாயை, அடுத்த கர்ப்பத்தில் புதிய பயனாளியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. "போன தடவையே வாங்கிவிட்டோமே" என்று பேசாமல் இருந்துவிடும் தாய்மார் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரை மறுபடி கொடுக்கச் சொல்கிறோம். தமிழ்நாட்டின் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் முன்பே பதிந்திருந்தால் கருச்சிதைவுக்கும் உதவித்தொகை கேட்கலாம்.

தகப்பனுக்கு? பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல், 24 வாரத்துக்குப் பின் குழந்தையை இழந்த தாய் தகப்பன் இருவருக்குமே இரண்டு வார விடுப்பு உண்டு. நம் நாட்டில் தனியார் வேலையில் இருக்கும் தகப்பனுக்கு ஒரு நாள்கூடச் சட்டத்தில் இல்லை. காலையில் சின்னக் குழி தோண்டி அடக்கம் செய்துவிட்டு, ராத்திரி ஷிப்டுக்குப் போகிற மனிதர்களை நாங்கள் பார்க்கிறோம்.