வெட்டி ஒட்டிய தாளமும் திரைப்படக் குரலும்

இலண்டன் மாநகரில் 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தோன்றிய இசைவகை ஒன்றுக்கு ‘ஜங்கிள்’ என்று பெயர். கேட்டவுடன் இரைச்சல் என்று காதைப் பொத்திக்கொள்வோர் நம்மில் பலர். ஆயினும் அவ்விரைச்சல் எவ்வாறு கட்டப்பட்டது என்று அறிந்தால், அதற்கும் ஒரு கட்டுக்கோப்பு உண்டு என்பது புலனாகும். யாப்பு கற்பிக்கும் ஆசிரியர்க்கு இஃது எளிதில் விளங்கக் கூடியதே.

முதலில் தாளம். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ‘தி வின்ஸ்டன்ஸ்’ குழுவினர் வெளியிட்ட இசைத்தட்டு ஒன்றின் மறுபக்கத்தில் ‘ஆமென், பிரதர்’ என்னும் கருவியிசை இருந்தது. அதன் இடையே மற்றக் கருவிகள் யாவும் ஓய, கிரெகரி கோல்மன் என்பார் தனியே டிரம் வாசிக்கிறார். நான்கே சுற்று, ஏறத்தாழ 7 நொடி. இத்தகைய தனி வாசிப்பை ‘பிரேக்’ என்பர். 1986இல் ஒரு தொகுப்புத் தட்டில் இடம்பெற்றபின் இந்த 7 நொடி பலர் கைக்கும் எட்டியது.

இலண்டன் இளைஞர்கள் இதனைச் சாம்பிளர் என்னும் பொறியில் ஏற்றினர். ஒலியை நினைவில் வைத்துக்கொண்டு வேண்டியவாறு துண்டு செய்து தரும் பொறி அது. நாம் செய்யுளை அசை பிரிப்பதுபோல, கோல்மனின் ஒவ்வோர் அடியையும் பிரித்து, வரிசை மாற்றிக் கோத்தனர். நிமிடத்துக்கு 136 அடி அளவில் இருந்த நடை 160க்கும் மேலே சென்றது. வேகம் கூடினால் ஒலியும் கீச்சென உயரும். கோல்டி என்பார் 1992இல் வெளியிட்ட ‘டெர்மினேட்டர்’ இதற்கு மாறானது: அங்கு வேகம் மாறாமலே தாளத்தின் சுருதி மட்டும் ஏறுகிறது.

அப்பெயர் 1984ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் பெயர். தான் இன்னும் செய்யாத செயல்களைச் செய்து முடித்ததாகப் பேசுகிறாயே என்று, வருங்காலத்திலிருந்து வந்தவனிடம் நாயகி மனங்குழம்பிக் கூறும் சொற்கள் அவ்விசையில் ஒலிக்கின்றன. பாடகர் இல்லாத இசையில் பொருள் தருவது இத்தகைய பேச்சே. தாளம் சட்டென ஓயும். குரல் ஒன்று மட்டும் பேசும். பின்னர்த் தாளம் பாயும். அந்த ஓய்வில்தான் கேட்போர் நெஞ்சு படபடக்கிறது.

இலக்கியம் கற்பிப்போர் கருதத்தக்க சான்று ஒன்று உண்டு. வில்லியம் பிளேக் 1793இல் எழுதிய நெடும்பாட்டில் தேவதூதர் எழுந்தனர். ‘பிளேட் ரன்னர்’ என்னும் 1982ஆம் ஆண்டுப் படத்தில், செயற்கை மனிதன் ஒருவன் அவ்வடியைத் திரித்து, வீழ்ந்தனர் என்கிறான். 1995இல் டில்லின்ஜா என்னும் இசைஞர் அப்படக் குரலை எடுத்தாண்டு, தம் இசைக்கும் அதனையே பெயராக்கினார். ‘பாட்டு, படம், தட்டு’ என மூன்று கை மாறியும் சொல் உயிரோடு நிற்கிறது. பிளேக்கைப் படித்தறியாத இளைஞரும் நடன அரங்கில் அவரைக் கேட்டனர்!

வெட்டி ஒட்டுவதைத் திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். மேற்கோளாட்சி நம் உரையாசிரியர்க்கும் உரியதே. ஆனால் ஆயிரக்கணக்கான தட்டுகளில் ஒலித்தும், அந்த 7 நொடிக்காக வின்ஸ்டன்ஸ் குழுவுக்கு உரிமைப் பணம் வரவில்லை. 2015இல் ஆர்வலர்கள் இணையவழி 24,000 பவுன் திரட்டிக் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு அளித்தனர். டிரம் அடித்த கோல்மன் 2006லேயே, வீடற்றவராக, இறந்துவிட்டார்.