விமான வாலுக்குப் பட்டுக் கட்டிய கதை

"ஏன்டி, அது அசல் ஜரிகைடி! மிஷின் சூட்டுல கருத்துடப் போவுது!"

அம்மா நிலைப்படியில் நின்றுகொண்டே கத்தினாள். நான் ஸ்கேனரின் மூடியைத் தூக்கி, பாட்டியின் கல்யாணப் புடவைக் கரையைக் கண்ணாடி மேல் சுருக்கமில்லாமல் நீவிக்கொண்டிருந்தேன். "சூடெல்லாம் இல்லம்மா, வெறும் வெளிச்சம்தான்" என்றேன். அவள் நம்பவில்லை. உள்ளே வந்து, புடவையின் மிச்சத்தைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெளிச்சக் கோடு கரைக்கு அடியில் ஊர்ந்து போனது. திரையில் அரக்கு நிறப் பட்டும், மயில்கண் வரிசையும், அதற்குக் கீழே கோபுர முனைகளும் இழை இழையாக எழுந்து வந்தன. "அட!" என்றாள் அம்மா. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தக் கிறுக்கு பிடித்தது 2023 அக்டோபரில். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் தன் புது உடையை வெளியிட்டது. ஆரஞ்சும் பச்சைநீலமும் கலந்த உடல். வால்களிலோ நம் ஊர்த் துணிகள்! பாந்தினி, அஜ்ரக், பட்டோலா, கலம்காரி, கூடவே நம் காஞ்சிபுரம். அதற்கு முன்பும் அந்த நிறுவனத்தின் வால்கள் சும்மா இருந்ததில்லை. பழைய 737-800 விமானங்களின் வால்களில் நாட்டின் கலையும் கொண்டாட்டமும் விதவிதமாக இடம்பெற்றிருந்தன. பலவற்றில் இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் வேறொரு படம். ஆனால் பட்டுப்புடவையே வாலுக்கு ஏறியதைப் பார்த்ததும், மாதிரி விமானங்கள் செய்யும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பீரோவில் பாட்டியின் புடவை இருக்கிறதே!

வாருங்கள், மேஜைக்குப் போகலாம். பார்த்து உட்காருங்கள், பெயின்ட் இன்னும் காயவில்லை.

இந்தப் பெட்டி ரஷ்யாவின் ஸ்வெஸ்தா நிறுவனம் செய்யும் 737-8. அளவு 1/144. பயணிகள் விமான மாதிரி செய்கிறவர்களுக்கு இது தாய்மொழி போன்ற அளவு. 12 பெருக்கல் 12, அதாவது நிஜத்தில் 12 அடி இருந்தால் கையில் ஓர் அங்குலம். 39.5 மீட்டர் நீள விமானம் 27 சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகமாக வந்து உள்ளங்கைகளில் அடங்கிவிடும். உடல் இரண்டு பாதியாக வரும். ஒட்டுவதற்கு முன் மூக்குக்குள் தூண்டில் ஈயக்குண்டுகளை வைத்து இறுக்க வேண்டும். மறந்தால் விமானம் வால் தரையில் பட்டு உட்கார்ந்துவிடும். பிறகு பிரித்து வைக்கவும் முடியாது. ஒட்டிய இடத்தில் பட்டி பார்த்து, 400-இல் தொடங்கி 1500 வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், இரண்டு பாதி என்ற அடையாளமே போய்விடும். அதையெல்லாம் சீக்கிரம் தாண்டிவிடுவோம். என் உயிர் இருப்பது இந்த 5 சென்டிமீட்டர் வாலில்.

முதல் வேலை அளவெடுப்பது, தையற்காரர் போல. வால் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, ஓரங்களையும் சுக்கான் கோட்டையும் பென்சிலால் தடவி எடுத்து, உரித்து, ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்து ஸ்கேன் செய்வேன். 737-இன் வால் முன்பக்கம் ஒரு சரிவாக முதுகில் இறங்கி வரும். அந்த வளைவைக் கண்ணால் பார்த்து வரைந்தால் கட்டாயம் தப்பும். டேப் தப்பாது.

அடுத்து, புடவைக் கரையை அந்த வடிவத்துக்குள் வைத்தேன். எவ்வளவு சுருக்க வேண்டியிருக்குமோ என்ற கவலையில் இருந்தவளுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. சுருக்கவே வேண்டாம்! புடவையில் 1 சென்டிமீட்டர் இருக்கும் மயில்கண், மாதிரியிலும் அதே 1 சென்டிமீட்டர் இருந்தால் போதும். நிஜ விமானத்தில் அது 1 மீட்டர் 44 சென்டிமீட்டர், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் உயரம். வாலின் அடியிலிருந்து ஏறும் கோபுர முனைகள், நடுவில் மயில்கண், உச்சியில் வெறும் பட்டு. நெய்தவர் எந்த அளவில் நெய்தாரோ அதே அளவில் என் வாலில் வந்து உட்கார்ந்தது. அன்றிரவு தூக்கமே வரவில்லை.

பிறகுதான் தங்கம் மல்லுக்கு நின்றது.

வீட்டு பிரின்டருக்கு இரண்டு நிறம் வராது: வெள்ளையும் தங்கமும். ஆல்ப்ஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் ஒரு காலத்தில் ரிப்பன் வைத்த பிரின்டர்களைச் செய்தது. அவை வெள்ளையும் அச்சிடும், உலோக நிறமும் அச்சிடும். அந்த பிரின்டர் இப்போது தயாரிப்பில் இல்லை. வைத்திருப்பவர்கள் குலதெய்வம் போலப் பாதுகாக்கிறார்கள். என்னிடம் இருப்பது சாதா இங்க்ஜெட். அதில் ஜரிகையை மஞ்சளும் பழுப்புமாகக் கலந்து அச்சிட்டால் வருவது கடுகு நிறம். எத்தனை விதமாகக் கலந்தாலும் கடுகுதான். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் ஏற்றியது. அதைக் கடுகாகப் பார்க்க மனசு கேட்குமா?

புடவையை மறுபடி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அப்போது பளிச்சென்று பிடிபட்டது. தங்கத்தை அச்சிட வேண்டாம். வால் முழுவதையும் முதலில் தங்கமாகப் பூசிவிட வேண்டும். அதன் மேல், நீரில் நனைத்து ஒட்டும் கண்ணாடி போன்ற படலமான டெக்காலில் அரக்குப் பட்டை மட்டும் அச்சிட்டு, ஜரிகை வர வேண்டிய இடங்களைக் காலியாக விட வேண்டும். காலியான இடத்தில் அடியிலிருக்கும் தங்கம் ஜரிகையாகத் தெரியும். இங்க்ஜெட் மை கண்ணாடித்தன்மை உள்ளது என்பதால், அரக்கு வழியாகவும் உள்ளே தங்கம் லேசாக மினுங்கும். பட்டுக்கும் அதுதானே அழகு!

தங்கம் பூசுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பளபளக்கும் கறுப்பு அடிபூச்சின் மேல் பூசினால் தங்கத்துக்கு ஆழம் கிடைக்கும். சென்னையில் மழை நாளில் இதைத் தொடக்கூடாது. காற்றின் ஈரம் பட்டு லாக்கர் பால் போல வெளுத்துவிடும். மூன்று நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்து, ஒரு வெயில் நாளின் நடுப்பகலில் ஏர்பிரஷ்ஷில் மெல்லிசாக மூன்று பூச்சு.

முதல் அச்சு பாழாய்ப் போனது. டெக்கால் காகிதத்தில் மை கொஞ்சம் பரவும். மெல்லிய இடைவெளிகளை அரக்கு விழுங்கிவிட்டது. அதாவது ஜரிகை செத்துவிட்டது. கால் மில்லிமீட்டர் கோடு என்றால் நிஜ விமானத்தில் 3.6 சென்டிமீட்டர் தடிமன். அதற்கும் கீழே போனால் என் பிரின்டரில் நிற்பதில்லை. எனவே ஒவ்வொரு மயில்கண்ணையும் கணினியில் திறந்து, இழைகளைக் குறைத்து, இடைவெளியை அகட்டி, கையால் மறுபடி வரைந்தேன். ஏழு இழை இருந்த இடத்தில் மூன்று. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு. ஒரு முழம் தள்ளிப் பார்த்தால் அதே பாட்டி புடவை. நான்காவது அச்சில் சரியாக வந்தது. மை தண்ணீரில் கரையாமலிருக்க மேலே அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு கை பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும்.

காயும் நேரத்தில் ஒரு கதை. 1997-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் வால்களில் கொடியை எடுத்துவிட்டு, உலகக் கலைஞர்களின் ஓவியங்களை ஏற்றியது. டச்சுக்காரர்களின் டெல்ஃப்ட் நீலம் ஒன்றில், தென்னாப்பிரிக்காவின் நிடெபெலே சுவரோவியம் இன்னொன்றில். அதே ஆண்டு அக்டோபரில், பிளாக்பூலில் நடந்த கட்சி மாநாட்டில் அப்படி ஓவிய வால் கொண்ட ஒரு மாதிரி விமானம் வைக்கப்பட்டிருந்தது. மார்கரெட் தாட்சர் தன் கைக்குட்டையை எடுத்து அதன் வாலை மூடினார்! கேமராக்கள் முன்னால்! 2001-இல் எல்லா விமானங்களுக்கும் இனி கொடி வாலே என்று முடிவானது. எனக்கு அந்த ஓவிய வால்கள்தான் பிடிக்கும். இன்றும் உலகெங்கும் மாதிரி செய்பவர்கள் அவற்றைத் தேடித் தேடி ஒட்டுகிறார்கள். ஒரு முன்னாள் பிரதமரையே உலுக்கிவிட்டதே, மேஜை மேல் நிற்கும் ஒரு பொம்மை விமானத்தின் வால்! அந்தப் பலம் இப்போது என் கையில்.

சரி, காய்ந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டெக்காலை ஓரம் பார்த்து வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம். வால் ஏற்கெனவே கண்ணாடி போல வழவழப்பாகப் பூசப்பட்டிருக்கிறது. சொரசொரப்பு இருந்தால் அடியில் காற்று சிக்கி, படலம் வெள்ளை பூத்துவிடும். காகிதத்தை வாலோடு சேர்த்துப் பிடித்து, பிரஷ்ஷின் நுனியால் தள்ள... நழுவுகிறது! பட்டு நழுவுவது போலவே நழுவுகிறது! கீழ்க்கரை முதுகோடு சேரும் வரை மெல்ல நகர்த்தி, காட்டன் மொட்டால் நீரை ஒற்றி எடுத்தேன். இப்போது மைக்ரோ சால், படலத்தை இளக்கும் திரவம். ஒரே ஒரு வருடல்.

பத்து எண்ணுவதற்குள் படலம் முழுக்கச் சுருங்கியது. ஆறிய பாலின் ஆடை போல மடிப்பு மடிப்பாக. பக்கத்தில் இருந்த அம்மா "ஐயோ போச்சே!" என்று கையை நீட்டினாள். "தொடாதம்மா! தொட்டா கிழிஞ்சிடும்!" இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மின்விசிறியைக்கூட நிறுத்தியிருந்தேன். கால் மணி நேரத்தில் மடிப்புகள் ஒவ்வொன்றாக அடங்கின. படலம் தானாக இழுத்துக்கொண்டு, சுக்கான் கோட்டின் பள்ளத்துக்குள் இறங்கி, வாலின் தோலாகவே ஆகிவிட்டது. ஒட்டியது என்று சொன்னால்தான் தெரியும்.

அம்மா விமானத்தை இரண்டு கையாலும் ஏந்தி ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். சாய்த்தாள், கோபுர முனைகள் பற்றிக்கொண்டன. நிமிர்த்தினாள்; அரக்கு இருண்டு, மயில்கண்கள் மட்டும் நின்றன. இன்னொரு முறை சாய்த்தாள். கடையில் புடவையைத் தோளில் போட்டுப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அவள் வாயிலிருந்து என்ன வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"கரை வந்துடுச்சு. உடல் வந்துடுச்சு. முந்தானை எங்கடி?"

இறக்கை நுனிகளைப் பார்த்தேன். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பிளந்து நிற்கும் நுனிகள், வெறும் வெள்ளையாக. அம்மா அதற்குள் புடவையின் மறுமுனையை உதறி விரித்து, ஸ்கேனர் மூடியைத் தானே தூக்கிவிட்டாள்.