மூன்றில் ஒரு பங்கும் 32 ஈதரும்

தூத்துக்குடியில் அரசு முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் குளியாளிக்குக் கூலி, சிப்பியாகவே கிடைத்தது. எடுத்து வந்ததில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. மிச்சம் அரசுக்கு, அதாவது ஏலத்துக்கு. எதிர்க்கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டியில், குளியாளிகளே சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். எது அவர்களுடையது என்று அதிகாரி கைகாட்டுவார். ஒரு குவியலை மட்டும் பெரிதாக்கிப் பயனில்லை. ஆளைக் கடலுக்கு வரவழைத்தது பங்கு. பிரிப்பை நேராக்கியது அந்தக் கைகாட்டல். பங்கு மட்டும் போதாது என்பதற்குச் சாட்சி, கரை சேருமுன் படகிலேயே சிப்பியைப் பிளந்து முத்தை விழுங்கிய திருட்டுகள். கிரிப்டோ உலகில் ‘ஸ்டேக்கிங்’ வருமானத்தைப் புகழ்பவர்கள் பங்கை மட்டுமே பார்க்கிறார்கள்.

ஸ்டேக்கிங் என்றால் நாணயத்தைப் பிணையாகப் பூட்டி, பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து, அதற்கு வெகுமதி பெறுவது. எதீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பு 2022 செப்டம்பர் 15 அன்று இம்முறைக்கு மாறியது. அதில் சரிபார்ப்பாளராக, அதன் நாணயமான ஈதர் குறைந்தது 32 வேண்டும். வெகுமதியில் பெரும்பகுதி புதிதாக உருவாக்கப்படும் நாணயம். ஆண்டுக்கு 10 சதவீதம் புதிதாக உருவாக்கி, எல்லோரும் தங்கள் கையிருப்பில் ஒரே விகிதத்தை ஸ்டேக் செய்தால், யாருடைய பங்கும் இம்மியளவும் கூடாது. செய்யாதவரின் பங்கு தேய்வதால்தான் செய்பவருக்கு ஆதாயம். ஆகவே விளம்பரத்தில் மின்னும் 20 சதவீதம், பாதுகாப்பின் அளவுகோல் ஆகாது. எதீரியத்தில் மொத்தப் பிணை நான்கு மடங்கானால் புதிய நாணயம் இரு மடங்கே ஆகும்; ஆளுக்குக் கிடைக்கும் விகிதம் பாதியாகிவிடும்.

கைகாட்டலின் வேலையை இங்கே செய்வது தண்டனை. முரண்பட்ட இரண்டு கணக்குக்கும் ஒருவரே வாக்களித்தால் பிணையில் வெட்டு விழும். தனியாகத் தவறினால் இழப்பு சிறிது. மொத்தப் பிணையில் மூன்றில் ஒரு பங்குக்காரர்கள் ஒரே காலத்தில் தவறினால் பிணை முழுதும் போகும். கூட்டுச் சதிக்குத்தான் கடும் விலை. நாணயத்தின் விலை சரிந்தால் பிணையின் மதிப்பும் சரியுமே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் வெகுமதியும் அதே நாணயத்தில்தான், அதை உயர்த்தினாலும் அந்த ஓட்டை அடைபடாது. வெகுமதியைக் குறைத்தால் சரிபார்ப்பாளர்கள் விலகுவார்களே என்பது வலுவான ஆட்சேபம். ஓரளவுக்குக் கீழே போனால் ஆபத்துதான். அதற்கு மேலே எனக்குப் பெரிய கவலை வேறு. 2023இல் எதீரியத்தில் பூட்டப்பட்ட ஈதரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லிடோ என்ற ஒரே இடைத்தரகு அமைப்பின் வழியாக வந்திருந்தது. ஈதர் ஊராருடையது, வெட்டு விழுந்தால் இழப்பில் பெரும்பகுதி அவர்களுக்கே; வாக்களிக்கும் கை வேறொருவருடையது. விகிதத்தை உயர்த்தினால் இத்தகைய இடைத்தரகுகளுக்குத்தான் கூட்டம் சேரும்.