கன்னத்து முள்

தோழியரே, வாசலூர்பட்டியில் விற்பனைக்கு வரும் கெளுத்தியை மீசையைப் பார்த்தே சொல்லிவிடுவோம். கடலில் பவளப் பாறைகளிடையே வாழும் மீன்களை அறிவது அத்தனை எளிதன்று.

மன்னார் வளைகுடாவில் வாழும் எம்பரர் ஏஞ்சல் மீனைப் பாருங்கள். குஞ்சுப் பருவத்தில் கருநீல உடம்பில் ஒன்றுக்குள் ஒன்றாக வெள்ளை வளையங்கள். வளர்ந்தபின் வளையங்கள் மறைந்து, நீளவாட்டில் மஞ்சள் கோடுகள், கண்மேல் கரும்பட்டை, மஞ்சள் வால். 1787-இல் ஜெர்மானிய மருத்துவர் பிளாக் பெரிய மீனுக்குப் பெயரிட்டார். குஞ்சையோ வேறு இனம் என்றெண்ணி, 1801-இல் நிக்கோபார் தீவின் பெயரைச் சூட்டிவிட்டனர்! பெற்றவளும் பிள்ளையும் இரு குலமாயினர்.

அப்படியானால் எதை நம்புவது? செவுள் மூடியின் கீழ்மூலையில், பின்னோக்கி நீண்ட தடித்த முள் ஒன்று உண்டு. (கையில் எடுப்போர் கவனிக்க, குத்தும்.) ஏஞ்சல் மீன்கள் அனைத்துக்கும் இது உண்டு, உருவில் ஒத்த வண்ணத்துப்பூச்சி மீன்களுக்குக் கிடையாது. ஆய்வுக்கூடத்துச் சாடியில் ஊறி நிறம் வெளுத்தாலும் முள் மாறாது. அடுத்து, முதுகுத் துடுப்பின் முட்களை எண்ண வேண்டும். இம்மீனுக்கு 13 அல்லது 14.

நிறத்தைக் கடைசியில் பார்க்கலாம். பருவம் மாறும் மீனில் வளையமும் கோடும் கலந்தே தெரியும். அதைக் கண்டவருக்குக் குஞ்சு யாருடையது என்ற ஐயம் எழாது.