ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முகம்



பாடசாலை ஆண்டு மலர் ஒன்று வெளிவந்தால் அதிபரின் ஆசிச் செய்தியை முதலில் படிப்போர் மிகச் சிலரே. பெரும்பாலோர் மாணவர் படங்கள் வரிசையாக இடம்பெற்ற பக்கத்தையே புரட்டுகிறார்கள். தம் பிள்ளை எங்கே, தங்கை எங்கே என்று விரல் வைத்துத் தேடுகிறார்கள். அந்த முகத்தின் கீழே வேறொருவரின் பெயர் அச்சாகியிருந்தால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்!

மூதூருக்குத் தெற்கே இருக்கும் தோப்பூர் போன்ற ஊர்களில் இந்தப் பக்கத்தின் பெறுமதி இன்னும் அதிகம். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி மூதூர்க் கரையோரத்தைத் தாக்கியது. 2006 ஆகஸ்டில் மூண்ட சண்டையில் மூதூர், தோப்பூர் மக்களில் பெருந்தொகையானோர் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தார்கள். உயிரைக் காக்க ஓடும் நேரத்தில் அல்பத்தைத் தேடி எடுக்க யாருக்கு அவகாசம்? மலரில் வந்த ஒரு சிறு கட்டமே ஒருவரின் இளமைக்கு எஞ்சிய ஒரே சாட்சியாகிவிடலாம். ஆகவே, படங்களை அடுக்கும் வேலையை அச்சகத்தின் அவசரத்துக்கு விட்டுவிடலாகாது. இன்று அதை நம் ஆசிரியர்களும் மாணவர்களும் தாமே கணனியில் செய்யலாம்.

எந்த மென்பொருள்?

1985இல் வந்த பேஜ்மேக்கர்தான் பல காலம் நம் அச்சகங்களை ஆண்டது. பாமினி எழுத்தில் அதிலே தமிழ் கோத்தார்கள். இன்று பல அச்சகங்களில் இருப்பது இன்டிசைன். 2010இல் வந்த அதன் சி.எஸ். 5 பதிப்பு முதல் ஒரு வசதி உண்டு. பல படங்களை ஒன்றாகத் தெரிவு செய்து, பக்கத்தில் சுட்டியை இழுத்தபடியே மேல் அம்பு, வலது அம்பு விசைகளைத் தட்டினால் படங்கள் கட்டங்களாகப் பிரிந்து அமர்ந்துவிடும்.

அதற்குப் பணம் கட்ட வேண்டும். பணமின்றிக் கிடைப்பது ஸ்கிரைபஸ். அதன் பழைய 1.4 பதிப்புகளில் தமிழின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 2024இல் வெளிவந்த 1.6 பதிப்பு யூனிகோட் தமிழை ஒழுங்காகக் காட்டுகிறது. அதையே பயன்படுத்துங்கள்.

முதலில் அடிமட்டம், பிறகு சுட்டி

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர், உயரம் 297. நான்கு புறமும் 20 மி.மீ. ஓரம் விடுங்கள். மீதி அகலம் 170. கடவுச்சீட்டுப் படத்தின் அளவு 35 x 45 மி.மீ. நான்கு படங்களுக்கு 140, இடையில் 10 மி.மீ. வீதம் மூன்று இடைவெளிகளுக்கு 30. கூட்டினால் சரியாக 170!

இனி ஸ்கிரைபஸில் 35 x 45 அளவில் ஒரு படச் சட்டம் வரையுங்கள். அது இடப்புறமிருந்து 20, மேலிருந்து 42 மி.மீ. தூரத்தில் நிற்கட்டும். மேலே மிஞ்சும் இடம் தலைப்புக்கு. பின்பு 'ஐட்டம்' பட்டியலில் 'மல்டிபிள் டூப்ளிக்கேட்' என்பதைத் திறந்து, நிரை 4, நிரல் 4, பக்க இடைவெளி 10, மேல்கீழ் இடைவெளி 15 என்று கொடுங்கள். பதினாறு சட்டங்களும் நொடியில் வந்துவிடும்.

பெயருக்கு 35 x 10 அளவில் ஓர் எழுத்துச் சட்டத்தை முதற் படத்தின் அடியில், அதாவது மேலிருந்து 87 மி.மீ.இல் வைத்து, அதையும் அவ்வாறே பெருக்குங்கள். இம்முறை மேல்கீழ் இடைவெளி 50. படத்துக்கு 45உம் 15உம், பெயருக்கு 10உம் 50உம். இரண்டும் 60 ஆவதால் ஒவ்வொரு பெயரும் தன் படத்தின் கீழேயே வந்து நிற்கும்.

படங்களை முன்கூட்டியே ஒரே அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்துக்கு 413 x 531 புள்ளிகள் தேவை. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித் தரம் குறையும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். சட்டத்துக்குள் அடக்கும்போது 'புரோபோர்ஷனல்' என்ற அடையாளத்தை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் முகம் நீண்டோ அகன்றோ போகும். தலைகள் ஏறக்குறைய ஒரே பருமனில், கண்கள் ஒரே மட்டத்தில் இருந்தால் பக்கம் அமைதி பெறும்.

ஸ்கிரைபஸ் படத்தைத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. அது இருக்கும் இடத்தை மட்டுமே நினைவில் வைக்கிறது. படங்களை வேறிடத்துக்கு மாற்றினால் சட்டம் வெறுமையாகிவிடும். 'கலெக்ட் ஃபோர் அவுட்புட்' மூலம் யாவற்றையும் ஒரே கோப்புறையில் சேர்த்து வையுங்கள். அச்சகத்துக்கு பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள்.

கட்டத்தில் நீதி

நன்கொடை தந்தவருக்கு அரைப் பக்கம், ஏழைப் பிள்ளைக்குத் தபால்தலை அளவு என்ற வழக்கம் சில மலர்களில் உண்டு. கட்டம் அதை மறுக்கிறது. எல்லோருக்கும் 35 x 45. வரிசையும் இடாப்பின் ஒழுங்கில் இருக்கட்டும். பதினெட்டுப் பேர் இருந்தால் முதற் பக்கத்தில் 16, அடுத்ததில் 2 என்று விட்டு அந்த இருவரை அநாதையாக்காதீர்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் 9 வீதம், மூன்று நிரை, மூன்று நிரலாக அமையுங்கள்.

தம் மகளின் படம் அச்சில் வருவதை விரும்பாத பெற்றோர் நம்மிடையே உள்ளனர். அவர்களைக் கேட்காமல் படத்தைப் போடுவது தவறு. படம் இல்லை என்பதற்காக அப்பிள்ளையை விட்டுவிடுவதும் தவறு. அதே அளவுக் கட்டத்தில் மெல்லிய நிறமிட்டு, கீழே பெயரை எழுதுங்கள். அவளும் அந்த வகுப்பில் படித்தவள்தானே!

பெயர் மாறாதிருக்க ஒரு வழி: இடாப்பு இலக்கத்தையே படக் கோப்பின் பெயராக வையுங்கள். 01, 02 என்று. யாவும் முடிந்தபின் ஒரு பிரதி அச்சிட்டு வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, பெயரை உரக்க வாசித்து, சரி அடையாளம் இடட்டும். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய பெயர்களில் எழுத்துப் பிறழும் என்பதால் அவற்றை இரு முறை பாருங்கள்.

நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட படம் ஓர் அமானிதம். வேலை முடிந்ததும் மூலப் படத்தை அதற்குரியவரிடம் திருப்பிக் கொடுங்கள். மலரின் பி.டி.எஃப். பிரதியை ஊரில் ஒன்றும் வெளியூர் உறவினரிடம் ஒன்றுமாக, குறைந்தது இரண்டு இடங்களில் வையுங்கள். வெள்ளமோ போரோ இரண்டையும் ஒரே நாளில் கொண்டுபோய்விடாது.