மதில் காக்கும் நொச்சி

புறத்திணை கற்பிக்கும் நாள்களில் யான் மாணாக்கர்க்குத் தவறாது கூறுவதொன்றுண்டு. பகைவரது மதிலை முற்றுவோர் உழிஞை சூடுவர். மதிலைக் காத்து நிற்போர் நொச்சி சூடுவர். ஆண்டுதோறும் இதனை ஓதிவந்த எனக்கு, எம் வேலியோரத்தில் மயிலின் காற்சுவடு போன்ற இலையோடு நின்ற நொச்சியின் பயன் நெடுநாள் புலப்படவில்லை.

ஒற்றைத் தலையிடி இளமைதொட்டு என்னை வருத்துவது. கண்முன் மின்னற்கோடுகள் தோன்றும். ஒரு நாழிகையில் நெற்றியின் ஒரு பக்கம் சம்மட்டியால் அடித்தாற்போல இடிக்கும். ஒளியும் ஒலியும் பகையாகும். அத்தகைய நாளொன்றில், ஐயம் வினாவிய மாணவன் ஒருவனைக் கடிந்து வகுப்பின் வெளியே நிறுத்தினேன். பிழை அவனுடையதன்று. மறுநாள் அவனிடம் வருத்தந் தெரிவித்தேன். ஆயினும் அவன் அதன்பின் வினாவுதலையே விட்டொழித்தான். ஆசிரியனுக்கு இதனினும் பெரிய தண்டனை யாது?

அன்று மாலையே எங்களூர்ப் பரியாரியாரிடம் சென்றேன். "நோய் வந்தபின் போர் புரிகின்றீர், பண்டிதர், வருமுன் காவல் செய்தீரோ?" என்றார் அவர். நொச்சியிலையை நிழலில் உலர்த்தித் தலையணையில் அடைத்துத் துயிலுமாறும், வேளை தவறாது உண்ணுமாறும், இரவில் விழித்திருந்து விடைத்தாள் திருத்துதலை நிறுத்துமாறும் பணித்தார். வாரந்தோறும் வந்த நோய், ஓராண்டில் இரு திங்களுக்கொருமுறை என்னும் அளவிற்குக் குறைந்தது.

இலையின் மணமோ, ஒழுங்கான துயிலோ இதனைச் செய்தது எனின், ஒருவன் அநுபவங்கொண்டு துணிதல் அரிது. மேனாட்டார் தம் நாட்டு மூலிகையாகிய பீவர்பியூவை இவ்வாறே விட்டுவிடாது சோதித்தனர். 1988ஆம் ஆண்டு வெளியான நொட்டிங்காம் ஆய்வொன்றில் 72 பேர்க்கு, நான்கு திங்கள் அதன் உலர்ந்த இலையையும், நான்கு திங்கள் வெற்று உறையையும், இன்னது இதுவென அறியாவகை அளித்தனர். இலையுண்ட காலத்தில் நோய் குறைந்தது. எனினும் அவ்விலையை மென்றால் வாய் புண்ணாதலும் உண்டு. கருவுற்ற மகளிர்க்கு அஃது ஆகாது. மூலிகை என்பதனாலேயே தீங்கற்றதெனக் கொள்ளல் பேதைமை.

இன்னுமொன்று. முன்னறியாக் கடுமையோடு திடீரெனத் தலை இடிப்பினும், கைகால் சோரினும், நாக்குழறினும், காய்ச்சலோடு கழுத்து விறைப்பினும் இலை தேடி நில்லாது உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

இப்பொழுது நொச்சித்திணை கற்பிக்கும் நாளில் ஒரு கொத்து ஒடித்து வகுப்பிற்குக் கொண்டுசெல்கின்றேன். பிள்ளைகள் முகர்ந்து பார்த்துப் பலவும் வினாவுகின்றனர். பொறுமையோடு விடை கூறுகின்றேன். மதில் இடிந்தபின் நொச்சி சூடிப் பயனில்லை என்பதை யான் கற்றது ஏட்டிலன்று.